ஏழு வெள்ளைக் கட்டைகளின் அகலம்

ஜூன் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகிற கடிதங்களிலும் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதுவேன். "பாதியை எழுது, மீதியை அவர் லீவுல வரும்போது நேர்ல சொல்லிக்கலாம்" என்கிறாள் அம்மா. பாதியைச் சொன்னால் மீதியை நீங்களாகவே கற்பனை செய்துகொண்டு கவலைப்படுவீர்கள். சுரங்கம் தோண்டும் உங்கள் மலைக் கேம்பில் போனும் எடுப்பதில்லை. கடிதம் கொண்டுவர வாரத்துக்கு ஒரு ஜீப்தான் என்னும்போது கவலையை அரைகுறையாக அனுப்புவது சரியில்லை.

விஷயம் இதுதான். தையல்கடை மாடிக்கு ஓர் இசை டீச்சர் குடிவந்திருக்கிறார். கீபோர்டு சொல்லித்தருகிறார். ஒரு வகுப்புக்கு ஆறே பேர். ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆறாவது ஆளை ஜூலை 12ஆம் தேதி தேர்வு வைத்து எடுப்பாராம். அவர் எழுதித் தந்திருக்கும் இரண்டு பாடங்களை இரண்டு கைகளாலும் வாசிக்க வேண்டும். வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் இன்னொரு வரியும் இருக்கிறது: "வீட்டில் அறுபத்தொரு கட்டைகள் உள்ள, அழுத்தத்துக்கு ஏற்ப ஒலிக்கும் கீபோர்டு இருக்க வேண்டும்." மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் பலமாகவும் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

நூலகத்தில் இசைப் புத்தகத்தை நான்கு முறை புதுப்பித்து எடுத்தேன் அல்லவா? நோட்டுப் படிக்க எனக்கு இப்போது நன்றாகவே வரும். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத்தான் தெரியவில்லை. கடைத்தெருவில் கீபோர்டு விற்பவரிடம் போனேன். எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. "இது என்ன பாத்திரக் கடையா பாப்பா, தட்டிப் பாத்து வாங்க? பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஓர் உதவி. உங்கள் கேம்பில் ஸ்டோர்கீப்பர் மாமா சாயங்காலம் கீபோர்டு வாசிப்பார் என்று எழுதியிருந்தீர்களே, அதன் கட்டைகளை அளந்து அனுப்புவீர்களா? அதே அளவில் காகிதத்தில் வரைந்து பழகிக்கொள்கிறேன். எது வாங்குவது என்பதைப் பிறகு பார்க்கலாம். விரல்கள் முதலில் தயாராகட்டும்.

தேர்வுக்கு முப்பத்தேழு நாட்கள்.

அன்பு மகள்

*

ஜூன் 10

பூச்சி,

கடுதாசி கிடைச்சுது. நான் ரெண்டு தடவை படிச்சேன், ஸ்டோர்கீப்பர் ஒரு தடவை படிச்சார். "உங்க பொண்ணு வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதுதே"ன்னு சிரிச்சார். புத்தகப்பூச்சின்னா அப்படித்தான் எழுதும்னு சொல்லிட்டேன்.

அளவு கேட்ட. அளவுன்னா உங்கப்பன்தான். ஒர்க்‌ஷாப்ல இருந்து வெர்னியரையே எடுத்துட்டுப் போய் அளந்தேன். மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தப்பாது. வெள்ளைக் கட்டை அகலம் 19.1. ரெண்டு கட்டைக்கு நடுவுல சந்து 0.5. ஏழு வெள்ளையும் சேத்தா 137.2. கறுப்புக் கட்டை அகலம் 8.2. படமும் போட்டிருக்கேன், கோடு கோணலா இருந்தாலும் நம்பர் கோணல் இல்ல. மொத்தம் நாப்பத்து நாலு கட்டைதான் இருக்கு. ஆனா ஏழு வெள்ளை, அஞ்சு கறுப்புன்னு அதே வரிசைதான் திரும்பத் திரும்ப வருது. அறுபத்தொண்ணு வேணும்னா நீயே நீட்டிக்க.

இன்னொரு சேதி. ஸ்டோர்கீப்பர் இந்த மாசக் கடைசியில வேலையை விட்டுப் போறார். கீபோர்டைக் கொடுத்துட்டுப் போறேங்கறார். பாட்டரில ஓடும், கக்கத்துல இடுக்கிக்கிட்டு எங்க வேணா போகலாம், சத்தமும் கணீர்னு இருக்கு. கடை விலையில கால்வாசிகூட இல்ல. வாங்கிடவா? சட்டுன்னு எழுது.

அம்மா மருந்துக் கடையில எத்தனை மணி வரைக்கும் நிக்கறா? கால் வீங்குதான்னு கேட்டு எழுது. அவ எழுத மாட்டா.

அப்பா

*

ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் மன்னிப்பு. நீங்கள் சட்டென்று எழுதச் சொன்னீர்கள். முடிவாக ஒன்று தெரிந்துகொண்டு எழுதலாம் என்று ஒரு ஜீப்பை விட்டுவிட்டேன். அது தவறு என்று இப்போது படுகிறது.

அம்மாவின் கால் வீங்குகிறது. ஆனால் இல்லை என்று எழுதச் சொன்னாள்.

என் கீபோர்டு தயார். அம்மா கடையிலிருந்து பழைய மருந்து விளம்பரத் தாள் ஒன்று கொண்டுவந்தாள். ஒரு பக்கம் இரைப்பையின் படம், மறுபக்கம் வெறுமை. வெறும் பக்கத்தில் உங்கள் எண்களை அப்படியே இறக்கி, கறுப்புக் கட்டைகளுக்கு மை தீட்டி, சாப்பாட்டு மேசையில் ஒட்டியிருக்கிறேன். காலை ஒரு மணி நேரம், பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம். முதல் பாடம் விரலில் ஏறிவிட்டது. இரண்டாவதில் இடது கை ஏழு கட்டை தாண்டிக் குதிக்க வேண்டிய இடம் ஒன்று வருகிறது. அதையும் இப்போது பார்க்காமலே குதிக்கிறேன். அம்மா சாப்பிட்டுக்கொண்டே, "அங்க சுருதி விலகிருச்சு பாரு" என்பாள். நான் திடுக்கிட்டு நிமிர்ந்தால் சிரிப்பாள்.

இப்போது முக்கியமான விஷயம். அப்பா, ஸ்டோர்கீப்பர் மாமாவின் கீபோர்டை வாங்க வேண்டாம். நாற்பத்து நாலு போதாது. அதில் மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தானே வரும்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த விலைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நூலகத்திலிருந்த பத்திரிகையில் படித்தேன். டீச்சர் கேட்பது அதுவல்ல. கடைத்தெருக் கடையில் ஒருவர் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தந்த கீபோர்டு ஒன்று இருக்கிறது. அறுபத்தொரு கட்டை, அழுத்தத்துக்கு ஏற்ற சத்தம், தோளில் மாட்டிக்கொள்ளும் பை, நோட்டு வைக்கும் தாங்கி. ஓர் ஓரத்தில் மட்டும் கீறல். புதிதில் பாதி விலை. நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்ன தொகை அதற்குச் சரியாக வரும். ஆனால் இரண்டுக்கும் வராது.

இது உங்களுக்குச் சனிக்கிழமை கிடைக்கும். அதற்குள் அவர் கொடுத்து, நீங்கள் வாங்கியிருக்கக் கூடாதே என்று எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

அன்பு மகள்

*

ஜூன் 19

பூச்சி,

பதில் வரல. சரி, பரீட்சை மும்முரமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். இங்க ஸ்டோர்கீப்பருக்குத் திடீர்னு ஊருக்குப் போக வேண்டி வந்துடுச்சு. சமையல்காரர் வேற "எம் பையனுக்கு வேணும்"னு கையை நீட்டினார். விடுவேனா? ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து வாங்கிட்டேன்.

நாளைக்கு ஜீப்லயே வருது. டிரைவர் கையில கொடுத்திருக்கேன். என் கம்பளியில சுத்தியிருக்கேன், கம்பளியை மறக்காம திருப்பி அனுப்பு, இங்க குளிர் எலும்பைக் குடையுது. காகிதத்துல எத்தனை நாளைக்குத்தான் ஊமையா வாசிப்ப? நீ முதல் தடவை சத்தம் கேக்கறப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சு நினைச்சு நேத்து எனக்கு வேலையே ஓடல.

மிச்சம் இருந்த கொஞ்சப் பணத்தையும் டிரைவர்கிட்ட கொடுத்திருக்கேன். அம்மாவுக்கு நல்ல செருப்பு ஒண்ணு வாங்கச் சொல்லு.

அப்பா

*

ஜூன் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொன்ன நாளில் அது இவ்வளவு கஷ்டம் என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

கீபோர்டு வந்தது. டிரைவர் மாமா குழந்தையைத் தருவதுபோல இரண்டு கைகளாலும் தந்தார். பாட்டரி போட்டு முதல் பாடத்தை வாசித்தேன். விரல்கள் எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழுந்தன. ஒரு வாரமாக என் தலைக்குள் மட்டும் ஓடியது சத்தமாக வெளியே வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அம்மா வந்து நின்றாள். "இத்தனை நாளா இதையா வாசிச்சிட்டிருந்த? நல்லாத்தானேடி இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. உங்கள்மேல் இருந்த கோபமும் அப்போது போய்விட்டது. கோபம் இருந்தது என்பதையும் எழுதத்தானே வேண்டும்.

திங்கட்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். செருப்புக்கு வைத்திருப்பதை முன்பணமாகத் தந்து அந்த அறுபத்தொன்றை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்பதாக இருந்தோம். கடைக்காரர் அம்மாவைப் பார்த்ததும், "அடடே, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கறவங்க!" என்று எழுந்தேவிட்டார். கண்ணாடியைத் திறந்து, "வாசி பாப்பா" என்றார்.

வாசிக்க முடியவில்லை, அப்பா.

கட்டை விரல் சரியாக விழுந்தது. அடுத்த விரலும் பரவாயில்லை. நான்காவது விரல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்து இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டது. இடது கை குதிக்கிற இடத்தில் ஒரு கட்டைக்கு மேல் பின்தங்கி விழுந்தேன். பதற்றம் என்று நினைத்து மறுபடி வாசித்தேன், மறுபடியும் அதே இடத்தில் அதே தவறு. கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஏழு வெள்ளைக் கட்டைகள் பதினாறரை சென்டிமீட்டர். நம்முடையது பதின்மூன்றே முக்கால்கூட இல்லை.

"சின்னக் கட்டை ஒண்ணு இருக்கும்மா, குழந்தைங்க விளையாடறதுக்கு. அதுல பழகினீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். ஸ்கேலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம் பழகியிருக்கிறேன். அத்தனையும் தவறான அகலத்தில். தேர்வுக்குப் பதினைந்து நாட்கள்.

அன்பு மகள்

பி.கு. கம்பளி இதனுடன் வருகிறது. துவைத்திருக்கிறேன்.

*

ஜூலை 2

பூச்சி,

நான் அளந்ததுல ஒரு தப்பும் இல்ல. திரும்பவும் சொல்றேன், ஒரு புள்ளிகூட விலகல. அளந்த சாமான்தான் தப்பு. எல்லாக் கீபோர்டுக்கும் கட்டை ஒரே அளவுன்னு நினைச்சேன். போல்ட்டுக்கு அளவு மாறும், நட்டுக்கு மாறும், இதுக்கு மாறும்னு எனக்கு எப்படித் தெரியும்?

இங்க சின்ன இன்ஜினியர்கிட்ட கேட்டேன். சிரிச்சார். "அது பசங்க கைக்குச் செய்யறதுங்க"ன்னார். அவர் சிரிச்சது பெரிசா தெரியல. அன்னைக்கு லேத்துல ஒரு தண்டைக் கடைஞ்சுட்டிருந்தேன், அரை மில்லி அதிகமா சீவிட்டேன். பதினெட்டு வருஷத்துல ஒரு வேலையையும் நான் அப்படிக் கெடுத்ததில்ல.

ஸ்டோர்கீப்பர் போயாச்சு, திருப்பிக் கொடுக்க ஆள் இல்ல. சமையல்காரர் இப்ப வேண்டாங்கறார், பையன் மனசு சைக்கிளுக்குத் தாவிடுச்சாம். ரெண்டு பக்கமிருந்தும் குடையற சுரங்கம் இந்த மாசக் கடைசியில நடுவுல சேரணும். அதுவரைக்கும் யாருக்கும் லீவு இல்ல.

ஒரு வழி இருக்கு. டீச்சர் வீட்டுல என்ன இருக்குன்னு கேட்டா அறுபத்தொண்ணு இருக்குன்னு சொல்லிடு. அது பொய் இல்ல, கொஞ்சம் முன்னாடியே சொல்ற நெசம். அடுத்த மாசச் சம்பளத்துல நான் வாங்கிடுவேன். அதுவரைக்கும் சின்னதுலயே ஓட்டு. யார் வீட்டுக்கு வந்து பாக்கப் போறாங்க?

அப்பா

*

ஜூலை 4

அன்புள்ள அப்பாவுக்கு,

அப்படிச் சொல்ல மாட்டேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன். பொய்யைச் சொல்லிவிட்டு என்னால் வாசிக்க முடியாது, அது வேறு காரணம். உங்களை எதிர்த்து எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

தவறு உங்களுடையது மட்டுமில்லை. நாற்பத்து நாலு கட்டைதான் என்று நீங்கள் எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கேலைக் கடைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அளவுன்னா எங்கப்பாதான் என்று இருந்துவிட்டேன்.

சின்னக் கீபோர்டை அலமாரிக்குமேல் வைத்துவிட்டேன். ஒரு தாளில் இன்னொன்று வரைந்திருக்கிறேன், பதினாறரை. இந்தத் தாளின் பின்பக்கம் நுரையீரல். மூன்று நாட்களாகப் பழகுகிறேன். பழைய அகலம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நிதானமாக வாசித்தால் புதியது வருகிறது, வேகம் கூடினால் பழையது. தூக்கத்தில்கூட விரல்களைப் போர்வைமேல் தட்டுகிறேனாம், அம்மா சொன்னாள். எந்த அகலத்தில் என்று கேட்டேன். "அடி கழுதை, படு" என்றாள்.

செருப்புப் பணம் முன்பணத்துக்குப் போதாதாம்; மீதிக்காகக் கடைக்காரர் அதை ஜூலை 10 வரைதான் நிறுத்திவைப்பாராம்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

அன்பு மகள்

*

ஜூலை 9

பூச்சி,

சாப்பிடறேன்.

உன் கடுதாசியைப் படிச்சிட்டு முதல்ல கோவம் வந்துச்சு. அப்பனுக்கே புத்தி சொல்றியான்னு. ராத்திரி அடங்கிடுச்சு. பொய் சொல்லச் சொன்னது உனக்காக இல்ல. வாங்கினது தப்பாப் போச்சேன்னு எனக்கு இருந்த கூச்சம், அவ்வளவுதான். அதை நீ ஏன் சுமக்கணும்? உன் இஷ்டப்படி செய்.

முன்பணம் அனுப்ப இங்க வழியில்ல. பத்தாம் தேதி தாண்டினா தாண்டட்டும். உலகத்துல அது ஒண்ணுதானா?

12ஆம் தேதி எத்தனை மணிக்குன்னு நீ எழுதவே இல்ல. அன்னைக்குப் பூரா எனக்கு எந்த மணின்னு தெரியாம இருக்கும்.

அப்பா

*

ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்கு மணிக்கு. எழுதாதது என் தவறு.

இப்போது ஐந்தேகால். தையல்கடையிலிருந்து மாடிக்கு ஏறும் படிகளில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீப் நாளைக் காலையில் கிளம்பிவிடும், அம்மா வேலை முடிந்து போகிற வழியில் இதை உங்கள் கம்பெனி ஆபீசில் சேர்த்துவிடுவாள். உள்ளே கடைசிப் பையன் வாசித்துக்கொண்டிருக்கிறான். நன்றாக வாசிக்கிறான். அவன் வீட்டில் புதிய கீபோர்டு இருப்பதாக அவனுடைய பெரியம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

என் முறையில் நடந்தது இது. வாசிக்க மூன்று பேர், நான் இரண்டாவது. முதல் பாடத்தின் முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் வேகம் பிடித்தேன், பழைய அகலம் வந்துவிட்டது. டீச்சர் நிறுத்தச் சொன்னார். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காத முகத்தோடு இருப்பார். "உன் கண்ணு நோட்டைச் சரியாத்தான் படிக்குது. கைதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுது. என்ன ஆச்சு?" என்றார்.

சொன்னேன். சின்னக் கட்டை, உங்கள் அளவு, இரைப்பைத் தாள், நுரையீரல் தாள், எல்லாம். வீட்டில் அறுபத்தொன்று இல்லை என்பதையும் சொன்னேன். கடையில் நிறுத்திவைத்திருந்தது நேற்று விற்றுப்போய்விட்டது, அதையும். பேசும்போது என் குரல் மேலே மேலே போயிற்று.

"அப்போ நீ சத்தம் கேக்காமதான் பழகியிருக்க" என்றார். ஆமாம் என்றேன். கீபோர்டின் சுவிட்சை அணைத்துவிட்டார். "இப்ப வாசி" என்றார்.

அப்பா, சத்தமில்லாத கீபோர்டில் வாசித்தேன். தவறு கேட்காததால் பயம் வரவில்லை. பயம் வராததால் வேகம் கூடவில்லை. அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாடங்களையும் அப்படியே வாசித்தேன். பிறகு சுவிட்சைப் போட்டார். முதல் பாடம் முழுவதும் வந்தது. இரண்டாவதில் இடது கை குதிக்கிற இடத்தில் விழுந்தேன். மறுபடி வாசித்தேன், விழுந்தேன். மூன்றாவது முறை சரியாகப் போய் உட்கார்ந்தது. ஆனால் மூன்றாவது முறைதான். அந்தப் பையன் இப்போது முதல் முறையிலேயே செய்துவிட்டான், கதவு வழியாகக் கேட்டது.

சத்தம் நின்றுவிட்டது. பேசுகிறார்கள். பையனும் பெரியம்மாவும் வெளியே வருகிறார்கள். பெரியம்மா என்னைப் பார்க்காமல் இறங்கிப் போகிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் கூப்பிடுகிறார்.

ஐந்து ஐம்பது. மறுபடியும் படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பையன் உன்னைவிட நல்லா வாசிக்கிறான். அவனுக்கு நான் தேவையே இல்ல, அடுத்த புத்தகம் சொல்லித்தர்ற வேற ஒருத்தர்கிட்ட அனுப்பியிருக்கேன். ஆறாவது இடம் உனக்கு. ஆனா ஆகஸ்ட் முப்பத்தொண்ணு வரைக்கும்தான். அதுக்குள்ள முழு அளவுக் கட்டை வீட்டுக்கு வரணும். வரலன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன். எனக்கும் வீட்டு வாடகை இருக்கு."

நன்றி என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

அப்பா, இன்னும் ஐம்பது நாட்கள் இருக்கின்றன. எனக்குச் சந்தோஷம்தான். மலையில் யாராவது இன்னொன்று விற்றாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம். சுரங்கம் சேர்ந்ததும் லீவு போட்டு வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கடைகடையாகப் போவோம். விலையை நீங்கள் பேசுங்கள். எதை வாங்குவது என்று நான் வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன். அறுபத்தொன்றில் எது கிடைத்தாலும் சரி, கீறல் இருந்தாலும் சரி, பை இல்லாவிட்டாலும் சரி. பாதி விலைக்கும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இன்றைக்கு யோசிக்க வேண்டாம் என்று அம்மா சொல்வாள். நான் இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கீழே அம்மாவின் குரல் கேட்கிறது. படி ஏறாமல், "என்னாச்சுடி? சொல்லித் தொலையேன்!" என்று தெருவிலிருந்தே கத்துகிறாள். உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறேன், அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் டீச்சர் வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் படிக்கட்டு விளக்குகளையும் அணைத்துவிட்டார்.